சிதம்பரத்துக் குழந்தையும் விருத்தாசலத்துக் கொசுவும்: தெரியுமா உங்களுக்கு?

காசநோய்க் கிருமியை முதன்முதலில் அடித்து வீழ்த்திய மருந்து ஸ்ட்ரெப்டோமைசின். 1940களில் வந்தது. ஊசி போட்டால் கிருமி சாகிறது, சரி. ஆனால் கிருமியின் உடம்புக்குள் அந்த மருந்து எங்கே போய் உட்காருகிறது, எதைப் பிடித்துக்கொண்டு எந்த வேலையை நிறுத்துகிறது? அரை நூற்றாண்டுக் காலம் அதை யாரும் துல்லியமாகப் பார்த்ததில்லை. 2000ஆம் ஆண்டில் ஒரு குழு அணு அணுவாகப் படம் எடுத்துக் காட்டியது. அந்தக் குழுவின் தலைவர் பிறந்த ஊர் நம்ம சிதம்பரம். தெரியுமா?

ஆமாம், வெங்கி ராமகிருஷ்ணன்தான்! 1952-ல் சிதம்பரத்தில் பிறந்தார். குழந்தை பிறந்தபோது அப்பா சி.வி. ராமகிருஷ்ணன் ஊரிலேயே இல்லை. அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் ஆராய்ச்சியில் இருந்தார். அம்மா ராஜலட்சுமி அப்பாவுக்குச் சளைத்தவர் இல்லை. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்துக்குப் போய் உளவியலில் முனைவர் பட்டத்தைப் பதினெட்டே மாதத்தில் முடித்துத் திரும்பினார். 1950களில், வீட்டில் சின்னப் பிள்ளையை வைத்துக்கொண்டு! வெங்கிக்கு மூன்று வயதானபோது குடும்பம் குஜராத்தின் பரோடாவுக்குக் குடிபோய்விட்டது. சிதம்பரத்தில் அவர் வாழ்ந்தது அவ்வளவுதான்.

2009-ல் வேதியியலுக்கான நோபல் பரிசு அறிவிப்பு வந்தது. தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் இருவரோடும் வெங்கி பகிர்ந்துகொண்டார். உடனே என்ன நடந்தது தெரியுமா? சிதம்பரத்தின் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தான் அவருக்குப் பாடம் நடத்தியதாக ஒருவர் சொல்லிக்கொண்டார். 'அங்கே நான் படித்ததே இல்லை, மூன்று வயதிலேயே ஊரைவிட்டு வந்துவிட்டேன்' என்று வெங்கி வெளிப்படையாக மறுக்க வேண்டியதாயிற்று. அவர் மறுத்தது நியாயம். ஆனால் நம் ஊர்க்காரர்களின் ஆசையும் எனக்குப் புரிகிறது. நம்மில் ஒருவர் என்று சொல்லிக்கொள்ள யாருக்குத்தான் ஆசை இருக்காது? சொல்லிக்கொள்ளலாம், தாராளமாக. அதற்கு முன்னால் அந்த மனிதர் என்ன செய்தார் என்று தெரிந்துகொண்டால் பெருமை இன்னும் இரட்டிப்பாகும்.

அவர் படித்தது இயற்பியல்! 1976-ல் ஓஹியோ பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கிய கையோடு, இது எனக்கானது இல்லை என்று முடிவெடுத்தார். கையில் முனைவர் பட்டத்தோடு, சான் டியாகோவில் உயிரியல் படிக்க மறுபடி மாணவராகப் போய் உட்கார்ந்தார். அதன் பிறகு சுமார் ஐம்பது பல்கலைக்கழகங்களுக்கு வேலை கேட்டு எழுதினார். ஒன்றுகூட வேலை தரவில்லை. ஐம்பது! அத்தனை நிராகரிப்புக்குப் பிறகும் ரைபோசோமை விடவில்லை. உயிருள்ள ஒவ்வொரு செல்லிலும் புரதங்களைத் தயாரிக்கும் நுண்ணிய இயந்திரம் அது. வெந்நீர் ஊற்றுகளில் வாழும் ஒரு பாக்டீரியாவின் ரைபோசோமைப் படிகமாக்கி, அதன் வழியே எக்ஸ் கதிரைச் செலுத்தி, லட்சக்கணக்கான அணுக்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று கணக்கிட்டார்கள். அமெரிக்காவில் இருந்ததைவிடக் குறைந்த சம்பளத்துக்கு 1999-ல் கேம்பிரிட்ஜ் போனார், இந்த வேலையை முடிப்பதற்காகவே.

பாக்டீரியாவின் ரைபோசோமுக்கும் நம் ரைபோசோமுக்கும் சின்னச் சின்ன வேறுபாடுகள் உண்டு. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளில் பல அந்த வேறுபாட்டை நம்பித்தான் பிழைப்பு நடத்துகின்றன: கிருமியின் இயந்திரம் நிற்க வேண்டும், நம்முடையது ஓட வேண்டும். மருந்து எங்கே ஒட்டுகிறது என்று தெரிந்தால், மருந்துக்கு அடங்காத கிருமிக்குப் புது மருந்து எங்கே ஒட்ட வேண்டும் என்பதும் தெரியும். வெங்கிக்குப் பத்ம விபூஷண், இங்கிலாந்தின் சர் பட்டம், ராயல் சொசைட்டியின் தலைவர் பதவி எல்லாம் வரிசையாக வந்தன. ஆனாலும் கேம்பிரிட்ஜில் சைக்கிளில்தான் போய்வருகிறார்.

இதுவரை பலர் கேட்டிருப்பீர்கள். இனிமேல் சொல்லப்போவதுதான் என்னைத் தூக்கிவாரிப்போட்டது.

வெங்கிக்கு ஒரு தங்கை இருக்கிறார், தெரியுமா? அவர் அசல் டாக்டர்! லலிதா ராமகிருஷ்ணன், 1959-ல் பரோடாவில் பிறந்தவர். பரோடா மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். முடித்து, அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் நோய் எதிர்ப்பியலில் முனைவர் பட்டம் வாங்கி, அதன்பின் தொற்றுநோய் மருத்துவராகவும் பயிற்சி பெற்றார். நோயாளியின் நாடியும் பிடிக்கத் தெரியும், ஆய்வுக்கூடத்தில் கிருமியையும் பிடிக்கத் தெரியும் என்கிற இரட்டைப் பயிற்சி உள்ளவர்கள் உலகத்திலேயே குறைவு. அவர் எடுத்துக்கொண்ட எதிரி யார்? காசநோய்! அண்ணன் காசநோய் மருந்து எங்கே ஒட்டுகிறது என்று பார்த்தார். தங்கை அந்த நோய் உடம்புக்குள் எப்படிப் பரவுகிறது என்று பார்க்கிறார். ஒரே வீட்டுப் பிள்ளைகள்!

அதை அவர் எதில் பார்க்கிறார் தெரியுமா? வரிக்குதிரை மீனில். நம் துணைக்கண்டத்து ஓடைகளில் நீந்துகிற, விரல் நீளம்கூட இல்லாத கோடு போட்ட மீன். மீன்தொட்டி வைத்திருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதன் குஞ்சு கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும். காசநோய்க் கிருமியின் நெருங்கிய உறவான ஒரு பாக்டீரியா மீன்களுக்கு நோய் தருகிறது. அதற்கு ஒளிரும் நிறம் ஏற்றிக் குஞ்சின் உடம்பில் விட்டால், உயிரோடு இருக்கும் மீனுக்குள் கிருமியை வெள்ளை அணுக்கள் விழுங்குவதையும், அந்த அணுக்கள் கூடிக் கட்டியாவதையும் நுண்ணோக்கியில் நேரடியாகப் பார்க்கலாம். வெட்டிப் பார்க்க வேண்டியதே இல்லை!

அந்தக் கட்டியை நம் உடம்பு கிருமியைச் சிறைவைக்கக் கட்டிய மதில் என்றுதான் நூறு ஆண்டுகளாக மருத்துவ மாணவர்கள் படித்துவந்தார்கள். 2009-ல், அண்ணனுக்கு நோபல் கிடைத்த அதே ஆண்டில், லலிதாவும் அவரது மாணவரும் வெளியிட்ட ஆய்வு அதைத் தலைகீழாகப் புரட்டியது. கட்டி உருவாகும் தொடக்க நாட்களில், கிருமிதான் அதைத் தனக்குச் சாதகமாக்கிக்கொள்கிறது! புதிது புதிதாக வெள்ளை அணுக்களை வரவழைத்து, அவற்றுக்குள் புகுந்து, அங்கிருந்து வேறு இடத்துக்குப் பரவுகிறது. அடுத்த சில ஆண்டுகளில் இன்னொரு ஆச்சரியம். ஒரே மரபணுவின் வேறுபாட்டால் சிலருக்கு உடம்பின் அழற்சி குறைந்துபோகிறது, சிலருக்கு மிதமிஞ்சிப் போகிறது. இரண்டுமே கிருமிக்குக் கொண்டாட்டம். மீனில் கண்ட இந்த விஷயத்தை வியட்நாமில் மூளை உறைக் காசநோயாளிகளின் மரபணுவோடு ஒப்பிட்டார்கள். ஸ்டீராய்டு மருந்து சிலரைக் காப்பாற்றிச் சிலருக்குப் பயன்படாமல் போவதற்கு இதுவும் காரணமா என்ற கேள்வி அங்கேதான் எழுந்தது. மீன்தொட்டியிலிருந்து நோயாளியின் கட்டில்வரை ஒரே கோடு! 2018-ல் லலிதாவையும் ராயல் சொசைட்டி உறுப்பினராக்கியது. அண்ணன் பெயரைச் சொன்னால் தலையாட்டும் நம் ஊரில் தங்கையின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கு இதில் உண்மையாகவே ஆதங்கம் உண்டு.

காசநோய் என்று சொல்லிவிட்டு நம் சென்னையைச் சொல்லாமல் போக முடியுமா? சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வைத்து, சத்தான சாப்பாடு, காற்றோட்டம், ஓய்வு எல்லாம் கொடுத்தால்தான் காசநோய் தீரும் என்று உலகமே நம்பியது. 1956-ல் மதராஸ் சேத்துப்பட்டில் ஒரு காசநோய் ஆய்வு மையம் தொடங்கினார்கள். இங்கிலாந்திலிருந்து வந்த டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமை. 193 நோயாளிகள். பாதிப் பேருக்கு சானடோரியத்தில் சிகிச்சை, மீதிப் பேர் தங்கள் நெருக்கடியான ஏழை வீட்டிலேயே இருந்துகொண்டு அதே மாத்திரையைச் சாப்பிட்டார்கள். ஓராண்டு முடிந்து பார்த்தால் வீட்டில் இருந்தவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு குணம்! வீட்டில் மற்றவர்களுக்கு நோய் ஒட்டியதும் கூடுதலாக இல்லை. 1959-ல் முடிவு வெளியானது, உலகமெங்கும் காசநோய் சானடோரியங்களின் கதை முடியத் தொடங்கியது. இன்று எந்த ஊர் சுகாதார நிலையத்திலும் காசநோய் மாத்திரையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறோமே, அந்த வழக்கத்துக்கு உலக அளவில் அடித்தளம் போட்டது சேத்துப்பட்டு!

சென்னையிலிருந்து நம் பக்கம் வருவோம். சிதம்பரத்திலிருந்து கொள்ளிடம் பாலத்தைத் தாண்டினால் சீர்காழி. இந்தியாவில் மூளை அறுவை சிகிச்சையைத் தொடங்கிவைத்த முன்னோடிகளில் ஒருவரான பி. ராமமூர்த்தி 1922-ல் பிறந்தது அங்கேதான், தெரியுமா? 1950-ல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் நரம்பியல் அறுவை சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். மறு ஆண்டு இந்திய நரம்பியல் சங்கத்தைத் தொடங்கிய நால்வரில் அவரும் ஒருவர். அவரது குழுவில் வளர்ந்தவர்தான் டி.எஸ். கனகா, ஆசியாவின் முதல் பெண் மூளை அறுவை நிபுணர்களில் ஒருவர். மூளைக்குள் மின்முனையைப் பதித்து நோயைக் கட்டுப்படுத்தும் முறையை இப்போது பெரிய மருத்துவமனைகள் விளம்பரம் செய்கின்றன அல்லவா? கனகா அதை 1975-லேயே செய்தார்! ஓய்வுக்குப் பிறகு சொந்தச் சேமிப்பைப் போட்டு ஏழைகளுக்கு ஆஸ்பத்திரி நடத்தினார். 2018-ல் மறைந்தார்.

சிதம்பரத்துக்கே திரும்புவோம். பிச்சாவரத்தில் படகில் போனவர்கள் சுரபுன்னை மரங்களைப் பார்த்திருப்பீர்கள், சேற்றில் ஊன்றிய கால்களோடு நிற்கும். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. அங்கே பணியாற்றிய கே. கதிரேசன், எம். பிரேமநாதன் ஆகியோர் ஜப்பானிய ஆய்வாளர்களோடு சேர்ந்து 1999-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சுரபுன்னையிலிருந்து பிரித்தெடுத்த ஒரு சர்க்கரைப் பொருள் எச்.ஐ.வி. வைரஸைத் தடுக்கிறது என்று! சோதனைக் குழாயில் கண்டது, நோயாளிக்குக் கொடுக்கும் மருந்தாகிவிடவில்லை. இலையைப் பறித்துக் கஷாயம் வைக்க யாரும் கிளம்ப வேண்டாம். அதே பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் துறையில் எஸ். நாகினியின் குழு வாய்ப்புற்றுநோயைப் பற்றி ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தது. ஹேம்ஸ்டர் என்ற சிறு பிராணி தீனியைக் கன்னப்பையில் அடைத்துவைக்கும். அந்தக் கன்னப்பையில் வாரம் மூன்று முறை நச்சுப்பொருளைத் தடவினால் பதினான்கு வாரத்தில் புற்று வளரும். தக்காளியும் பூண்டும் வேம்பும் அதைத் தடுக்குமா என்று அந்தக் குழு பார்த்தது. புகையிலையை வாயில் அடக்கும் பழக்கம் உள்ள மாவட்டத்தில் வேறு எதை ஆராய்வது?

இனி கொசுவுக்கு வருகிறேன். கடலூர் மாவட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு யானைக்கால் நோயைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. ராத்திரி எட்டு மணிக்கு மேல் சுகாதாரத் துறைக்காரர்கள் தெருவில் வந்து விரல் நுனியில் குத்தி, கண்ணாடி வில்லையில் ரத்தம் எடுத்துப் போவார்கள். ஏன் ராத்திரி? அந்த நோய்க்குக் காரணமான புழுவின் குஞ்சுகள் பகலெல்லாம் நுரையீரலில் ஒளிந்திருந்து, கொசு கடிக்கும் நேரம் பார்த்து ரத்தத்தில் வந்து சேரும். புழுவுக்கு மணி தெரியும்!

அப்புறம் ஆண்டுக்கொரு முறை வீடு தேடி வந்த 'யானைக்கால் மாத்திரை' நினைவிருக்கிறதா? டி.இ.சி. என்று அட்டையில் இருக்கும். தமிழகத்தில் ஊர் முழுக்க எல்லாருக்கும் அந்த மாத்திரையைக் கொடுத்துப் பார்த்த தொடக்க கால மாவட்டங்களில் கடலூரும் ஒன்று, 1990களின் பிற்பாதியில். அந்த மருந்தைக் கண்டுபிடித்த குழுவின் தலைவர் யார் தெரியுமா? நம் மதராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ்! 1895-ல் பீமவரத்தில் பிறந்தவர். கல்லூரியில் கதர்த் துணியில் அறுவை அங்கி தைத்துப் போட்டுக்கொண்டதற்காகப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளானார். எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதில் ஒரு படி கீழான எல்.எம்.எஸ். தான் கிடைத்தது. அமெரிக்கா போனார். உடம்பின் ஆற்றலுக்கு நாணயமான ஏ.டி.பி. என்ற மூலக்கூறைக் கண்டறிந்தவர்களில் ஒருவரானார். ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது அவரது குழு. குழந்தைகளின் ரத்தப்புற்றை முதன்முதலாகப் பின்வாங்க வைத்த மருந்து அவரது ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. டெட்ராசைக்ளின் வகையின் முதல் மருந்தும் அங்கிருந்துதான். 1947-ல் யானைக்கால் மருந்து. 1948-ல் போய்ச் சேர்ந்துவிட்டார், ஐம்பத்து மூன்றே வயது. நோபல் இல்லை, பெரிய விருது எதுவும் இல்லை. ஒரு பூஞ்சைக்கு அவர் பெயரை வைத்தார்கள். கடலூர்ப் பாட்டி விழுங்கிய மாத்திரைக்கும் மதராஸில் கதர் அங்கி போட்ட மாணவருக்கும் இப்படி ஒரு தொடர்பு இருக்கிறது என்று அந்த மாத்திரையைக் கொடுத்தவர்கூடச் சொல்லியிருக்க மாட்டார்.

இன்னொரு கொசுவின் கதைக்குத் திண்டிவனம் வழியாகத்தான் போக வேண்டும். கடலூரைத் தலைநகராகக் கொண்ட பழைய தென்னாற்காடு மாவட்டத்தில்தான் திண்டிவனமும் இருந்தது. 1890களின் தொடக்கத்தில் ஓர் இரவு. அங்கே மிஷன் டாக்டராக இருந்தவரின் மகள் ஐடா ஸ்கடர் விளக்கு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மூன்று ஆண்கள், வேறு வேறு சமூகத்தினர், ஒருவர் பின் ஒருவராகக் கதவைத் தட்டுகிறார்கள். மூவரின் மனைவியும் பிரசவத்தில் தவிக்கிறார்கள். அப்பா வருவார் என்கிறார் ஐடா. ஆண் டாக்டர் வேண்டாம், நீங்கள் வாருங்கள் என்கிறார்கள். ஐடாவுக்கு வைத்தியம் தெரியாது. மறுநாள் காலைக்குள் மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள். டாக்டராகவே மாட்டேன் என்று இருந்த பெண் அமெரிக்கா போய் 1899-ல் டாக்டராகித் திரும்பினார். வேலூரில் அவர் எழுப்பியதுதான் சி.எம்.சி. மருத்துவமனை!

அந்த சி.எம்.சி.யில்தான், 1955-ல், மூளைக்காய்ச்சலோடு வந்த வடாற்காட்டுக் குழந்தைகளைப் பார்த்து, இது கொசு பரப்பும் வைரஸின் வேலை என்று வெப், பெரேரா என்ற மருத்துவர்கள் கணித்தார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது அப்போதுதான், நம் தமிழ்நாட்டில். ஜுரம், வாந்தி, வலிப்பு, நினைவிழப்பு. தொற்றியவர்களில் சுமார் 250 பேரில் ஒருவருக்குத்தான் நோய் முற்றும். ஆனால் முற்றினால் பத்தில் மூன்று பேர்வரை இறந்துபோகலாம். பிழைத்த குழந்தைகளிலும் பலருக்குக் கை கால் வராமல், பேச்சு வராமல் போய்விடும்.

இந்த நோயைத் தேடி அறிவியலாளர்கள் வந்து முகாமிட்ட இடம் எது தெரியுமா? விருத்தாசலம்! மதுரையில் இருந்த மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையத்தின் களநிலையம் அங்கே அமைந்தது. அந்த மையத்தை வழிநடத்தியவர் ரேச்சல் ரூபன். 1960களிலேயே வேலூரில் கொசுவிலிருந்து இந்த வைரஸைப் பிரித்தெடுத்த குழுவில் இருந்தவர். வடாற்காட்டின் கொசுக்களை வகை வகையாகப் படித்தவர். தென்கிழக்கு ஆசியா முழுவதிலும் இந்தக் கொசு இனங்களை அடையாளம் காண உதவும் கையேட்டை எழுதியவர்களில் முதல் பெயர் அவருடையது. கொசுவுக்காக ஒரு வாழ்நாள்!

வேலை எப்படி நடந்தது என்று கேளுங்கள். பொழுது சாய்ந்து மாடுகள் கொட்டிலுக்குத் திரும்பும் நேரம். ஒரு கையில் டார்ச், வாயில் ரப்பர் குழாய், அதன் முனையில் கண்ணாடிக் குழல். கொட்டில் சுவரிலும் வைக்கோல் போரிலும் செடி மறைவிலும் உட்கார்ந்திருக்கும் கொசுவைக் கண்டு, குழலை அருகில் கொண்டுபோய் மெல்ல ஓர் உறிஞ்சு. கொசு குழலுக்குள்! வாய்க்குள் போகாமல் இருக்க நடுவில் வலைத்துணி. மூன்று ஆண்டுகள் இதே வேலை. இனம் இனமாகப் பிரித்து, ஐம்பது ஐம்பதாகச் சேர்த்து அரைத்து வைரஸ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருக்கிற வைரஸ் உயிரோடு இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள் தெரியுமா? இன்னொரு கொசுவைக் கொண்டு! டாக்சோரிங்கைட்டிஸ் என்று ஒரு ராட்சதக் கொசு உண்டு. ரத்தமே குடிக்காது. அதன் புழு மற்ற கொசுப் புழுக்களைத் தின்னும். அதன் உடம்புக்குள் சாற்றை ஊசியால் செலுத்தி, வைரஸ் பெருகுகிறதா என்று சோதித்தார்கள். யாரையும் கடிக்காத கொசு நமக்காக உழைத்திருக்கிறது!

வைரஸ் சோதனை என்றாலே ஐஸ், குளிர்பெட்டி, ஓட்டம் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். கிராமத்தில் அதற்கு எங்கே போவது? 1999-ல் இதே மையத்தினர் இன்னொன்றைக் காட்டினார்கள். உலர்ந்துபோன கொசுவிலும் வைரஸின் தடயத்தைக் கண்டுபிடிக்கலாம்! செத்த கொசுவைக் காயவைத்து, சாவகாசமாக ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினாலே போதும்.

ஆடுகளையும் விடவில்லை. இந்த வைரஸ் பெருகுவது கொக்கு, நாரை, பன்றி ஆகியவற்றின் உடம்பில். ஆட்டுக்கு நோய் வராது. ஆனால் வைரஸ் சுமந்த கொசு கடித்தால் அதன் ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் தோன்றும். ஆகவே கிராமத்து ஆட்டுக்குட்டிகளின் ரத்தத்தை மாதாமாதம் பார்த்தால், வைரஸ் ஊருக்குள் எப்போது வந்தது என்று குழந்தை நோயில் விழுவதற்கு முன்பே தெரிந்துவிடும். 2003-ல் வெளியான அந்த ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர் வரிசையைப் படித்துப் பாருங்கள்: ராஜேந்திரன், தேன்மொழி, திவாரி, பாலசுப்பிரமணியன், அய்யனார், மணவாளன், கஜனானா, கபிலன்... நம் தெரு ரேஷன் கடையில் பெயர் கூப்பிடுவது போலவே இருக்கிறது! வெளிநாட்டு மருத்துவ இதழில் அய்யனாரும் மணவாளனும். படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த ஆண்டே, கடலூர் மாவட்டக் குழந்தைகளின் மூளைக்காய்ச்சலுக்கு இந்த வைரஸ் ஒரு முக்கியக் காரணம் என்று எல். கபிலனும் டெல்லி ஆய்வாளர்களும் சேர்ந்து தலைப்பிலேயே நம் மாவட்டத்தின் பெயரைப் போட்டு எழுதினார்கள்.

வயலையும் மறக்கவில்லை அவர்கள். இந்தக் கொசு முட்டையிடுவது சாக்கடையில் இல்லை, நடவு முடிந்த நெல் வயலின் தெளிந்த தண்ணீரில். வயலை வற்றவைக்க முடியுமா? வேப்பம் பிண்ணாக்கு சேர்த்த யூரியாவைப் போட்டுப் பார்த்தார்கள். கொசுப் புழு குறைந்தது! 1992-ல் அதுவும் அச்சில் வந்தது. உழவனுக்கு உரம், கொசுவுக்கு எமன்.

ஆனால் கடைசி அடி தடுப்பூசிதான். சீனாவில் யூ யோங்சின் என்ற விஞ்ஞானி பல ஆண்டுகள் பாடுபட்டு, வீரியம் குறைத்த வைரஸால் உருவாக்கிய தடுப்பூசி 2006-ல் இந்தியாவுக்கு வந்தது. 2013-ல் நம் நாட்டிலேயே ஒன்று தயாரானது. கர்நாடகத்தின் கோலாரில் ஒரு நோயாளியிடமிருந்து எடுத்த வைரஸிலிருந்து அதைச் செய்த பாரத் பயோடெக் நிறுவனத்தைத் தொடங்கிய கிருஷ்ணா எல்லா, திருத்தணிக்காரர்! எந்த மாவட்டத்துக்குத் தடுப்பூசி தேவை என்று முடிவெடுக்க அரசுக்கு ஆதாரம் வேண்டும். கடலூருக்கு அந்த ஆதாரம் கைவசம் இருந்தது, கொட்டில் கொட்டிலாக உறிஞ்சிச் சேர்த்த ஆதாரம்.

கடலூர், சிதம்பரம், விருத்தாசலம் பக்கம் வீட்டில் கைக்குழந்தை இருந்தால் இப்போதே அதன் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். ஒன்பது மாதம் முடிந்ததும் ஒன்று, பதினாறாம் மாதத்துக்கும் இருபத்து நான்காம் மாதத்துக்கும் இடையே இன்னொன்று, 'ஜே.இ.' (ஜப்பானிய மூளைக்காய்ச்சல்) என்று போட்டிருக்கும். இரண்டாவது ஊசி விட்டுப்போயிருந்தால் இந்த வாரமே அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேளுங்கள். ஊசி போட்டு அழுகை ஓய்ந்த பிறகு, ரேச்சல் ரூபன், கஜனானா, தேன்மொழி, கபிலன், அய்யனார், மணவாளன் என்று அந்தப் பெயர்களை ஒருமுறை வீட்டில் சத்தமாகச் சொல்லிவையுங்கள்.